ஐசோஃபிக்ஸ் இல்லாத பழைய காரில் குழந்தை சீட்டை இறுக்கமாகப் பொருத்துவது எப்படி

மாருதி 800, பழைய ஆல்டோ, சான்ட்ரோ, இண்டிகா, வேகன்ஆர் என்று ஏதோ ஒன்று வீட்டில் நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கிறது. குழந்தைக்கு சீட் வாங்கலாம் என்று கடைக்குப் போனால், "உங்க வண்டியில ஐசோஃபிக்ஸ் இருக்கா?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். இல்லை என்றதும், நம் வண்டிக்கு சீட்டே போட முடியாது என்று நினைத்துப் பலர் திரும்பிவிடுகிறார்கள். குழந்தை அம்மா மடியிலேயே ஊருக்குப் போய்வருகிறது.

அந்த முடிவுக்கு வர வேண்டியதே இல்லை. ஐசோஃபிக்ஸ் என்பது பின் சீட்டின் சாய்மானத்துக்கும் அடிமெத்தைக்கும் நடுவே, 28 சென்டிமீட்டர் இடைவெளியில் வண்டியின் உடம்போடு பற்றவைத்த இரண்டு கம்பிகள். அவற்றில் சீட்டைச் செருகினால் பூட்டிக்கொள்ளும். தப்பாகப் பொருத்துவது கடினம் என்பதுதான் அதில் பெரிய லாபம். இடுப்பையும் தோளையும் சேர்த்துப் பிடிக்கும், வண்டியின் மூன்று முனை பெல்ட்டாலும் சீட்டை அதே அளவுக்கு நம்பகமாகப் பிடித்து வைக்கலாம். ஆனால் பெல்ட்டில் தப்பாகப் பொருத்துவது மிகச் சுலபம், அதிலும் வண்டி பழசாக இருந்தால் தப்பு நடக்கும் இடங்கள் இன்னும் கூடும். அந்த இடங்களைத்தான் இங்கே ஒவ்வொன்றாகப் பார்க்கிறோம்.

மடி ஏன் போதாது என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி எதிலாவது மோதி அரை மீட்டருக்குள் நின்றால், உள்ளே இருப்பவர்மேல் விழும் விசை அவரவர் எடையைப் போல சுமார் 20 மடங்கு. 10 கிலோ குழந்தை அந்தக் கணத்தில் 200 கிலோ மூட்டை. எந்தத் தாயின் கையும் அதைப் பிடித்து நிறுத்தாது. வண்டிக்குள் தூளி கட்டுவதும் இதே கதிதான். சட்டத்தையும் சொல்லிவிடுகிறோம்: 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவுப்படி, 14 வயது நிரம்பாத குழந்தையை பெல்ட்டோ குழந்தை சீட்டோ இல்லாமல் ஏற்றிச் சென்றால் 1000 ரூபாய் அபராதம்.

முதலில் வண்டியைப் பாருங்கள், சீட்டை அப்புறம் வாங்கலாம்

பெரும்பாலானவர்கள் சீட்டை வாங்கிவந்த பிறகுதான் பின்கதவைத் திறந்து பெல்ட்டைத் தேடுகிறார்கள். வரிசையை மாற்றுங்கள். ஒரு காலை நேரம், வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, பின் சீட்டில் கிடக்கும் எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். வெளியில் போட்ட சீட் கவரையும் கழற்றுங்கள். இதைச் சொன்னால் பலர் தயங்குவார்கள், ஆனால் கவரோடு இந்த வேலை ஆகாது. நம் ஊர் ரெக்சின் கவர்களுக்கு உள்ளே ஒரு விரற்கடை பஞ்சு இருக்கும், மேல்பரப்பு வழுக்கும். பஞ்சு அமுங்க அமுங்க இறுக்கிய பெல்ட் தளரும், வழுக்குவதால் சீட் பக்கவாட்டில் நகரும். பல கவர்கள் பின் சீட்டின் பக்கிள்களைச் சேர்த்து மூடியேதான் தைக்கப்பட்டிருக்கும்.

பக்கிள் கண்ணில் படவில்லை என்றால், பெல்ட் இல்லாத வண்டி என்று முடிவு செய்துவிடாதீர்கள். வருடக்கணக்கில் யாரும் போடாததால் அது மெத்தைக்கு அடியில் போயிருக்கும். சாய்மானமும் அடிமெத்தையும் சேரும் இடுக்கில் கையை விட்டுத் துழாவுங்கள். கிடைக்காவிட்டால் அடிமெத்தையைக் கழற்றத்தான் வேண்டும். சில வண்டிகளில் முன்விளிம்பை மேலே இழுத்தால் கிளிப் விடும், சிலவற்றில் போல்ட் இருக்கும்.

பெல்ட் கிடைத்ததும் அது எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள். வகையைப் பொறுத்துத்தான் சீட்டும் அமையும், பொருத்தும் முறையும் அமையும்.

தானாகச் சுருளும் மூன்று முனை பெல்ட் முதல் வகை. மெதுவாக இழுத்தால் வரும், வெடுக்கென்று இழுத்தால் பிடிக்கும். இதில் கவனிக்க வேண்டியது, சாதாரண நேரத்தில் அது பூட்டியிருக்காது என்பது. வெடுக்கென்று இழுபடும்போதோ மோதும்போதோதான் பிடிக்கும். அதனால் சும்மா மாட்டிவைத்தால், ஓட்டும்போது ஒவ்வொரு குலுக்கலுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளரும்.

இரண்டாவது, சுருளாத மூன்று முனை பெல்ட். நீளத்தைக் கையால் கூட்டிக் குறைக்க வேண்டும். விலை குறைந்த மாடல்களின் பின் சீட்டில் இது அதிகம். பெரியவர்களுக்கு எரிச்சலூட்டும் பெல்ட், ஆனால் குழந்தை சீட்டுக்கு மிக நல்லது. ஒருமுறை இறுக்கினால் இறுக்கியபடியே நிற்கும்.

மூன்றாவது, இடுப்பை மட்டும் சுற்றும் பெல்ட். நடு இருக்கையில் பெரும்பாலும் இதுதான். இன்று விற்கும் பெரும்பாலான சீட்டுகளுக்கு இது போதாது. தோள்பகுதி இல்லாததால், வளர்ந்த குழந்தையை உயர்த்தி உட்காரவைத்து வண்டி பெல்ட்டையே போடும் பூஸ்டர் சீட்டுக்கு எக்காலத்திலும் இதைப் பயன்படுத்தக் கூடாது.

வகை தெரிந்ததும் பெல்ட்டின் உடல்நிலை. முழுவதும் கடைசி வரை வெளியே இழுங்கள். அந்தக் கடைசி ஒரு அடிதான் உண்மையைச் சொல்லும், ஏனென்றால் அதை யாரும் கழுவியிருக்க மாட்டார்கள். அங்கே சேற்றுக் கோடோ, காய்ந்த வண்டலோ, பூஞ்சை வாடையோ இருந்தால் வண்டி வெள்ளத்தில் நின்றது என்று அர்த்தம். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் ஏராளமான கார்கள் மூழ்கின. செகண்ட் ஹேண்டில் வாங்கிய வண்டி என்றால் இந்தச் சோதனையைத் தவறவே விடாதீர்கள். சுருள் பெட்டிக்குள்ளும் பக்கிளுக்குள்ளும் வண்டல் புகுந்திருந்தால் சுத்தம் செய்து சரிப்படுத்த முடியாது, பெல்ட்டையே மாற்ற வேண்டும்.

ஓரங்களில் நூல் பிரிந்திருக்கிறதா, எங்காவது வெட்டு, சிகரெட் சூடு இருக்கிறதா, வெயிலில் வெளுத்து அட்டை மாதிரி விறைத்திருக்கிறதா என்று விரலை ஓட்டிப் பாருங்கள். இதில் எது இருந்தாலும் மாற்றுங்கள். கிழிந்த பெல்ட்டை டைலரிடம் கொடுத்துத் தைப்பது கூடவே கூடாது. பக்கிளில் நாக்கைப் பத்து முறை மாட்டிக் கழற்றுங்கள். ஒவ்வொரு முறையும் 'கிளிக்' தெளிவாகக் கேட்க வேண்டும், சிவப்புப் பொத்தான் முழுதாக மேலே எழும்ப வேண்டும். அரைகுறையாகப் பிடித்தால் உள்ளே பிஸ்கட் துகளோ சில்லறையோ மாட்டியிருக்கும். தலைகீழாகப் பிடித்துத் தட்டலாம், காற்று அடிக்கலாம். எண்ணெயோ ஸ்பிரேயோ விடாதீர்கள், அது தூசியைச் சேர்த்து இன்னும் கெடுக்கும்.

பெல்ட் சோம்பேறித்தனமாகச் சுருண்டால் உடனே ஸ்பிரிங் போய்விட்டது என்று சொல்லிவிடுவார்கள். பல நேரம் காரணம் வேறு: தோளுக்கு மேலே பெல்ட் திரும்பும் வளையத்தில் வியர்வையும் தூசியும் சேர்ந்து பிசினாகப் படிந்திருக்கும். ஈரத்துணியில் லேசான சோப்பு நீர் தொட்டு அந்த வளையத்தையும் பெல்ட்டையும் துடையுங்கள், நிழலில் காயவிட்டு அப்புறம் சுருளவிடுங்கள். பிளீச்சிங், தின்னர், பெட்ரோல் எதுவும் படக் கூடாது, நூலை அரித்துவிடும்.

அடிமெத்தையைக் கழற்றியிருந்தால், பெல்ட் தரையில் போல்ட் ஆகியிருக்கும் இடத்தையும் பார்த்துவிடுங்கள். தூத்துக்குடி, நாகப்பட்டினம், சென்னை மாதிரி கடலோர ஊர்களில் ஓடிய வண்டிகளின் தரைத்தகடு அங்கேதான் அரிக்கும். ஸ்க்ரூடிரைவர் முனையால் போல்ட்டைச் சுற்றி அழுத்துங்கள். தகடு செதிலாக உதிர்ந்தாலோ, முனை உள்ளே இறங்கினாலோ டிங்கர் வேலை முடியும்வரை அந்த இடத்தில் சீட் போடக் கூடாது. பெல்ட் எவ்வளவு நன்றாக இருந்தாலும், துருவில் நிற்கும் போல்ட் மோதலில் தகட்டோடு பிய்ந்துவரும்.

கடைசியாக மெத்தை. உள்ளங்கையால் இரண்டு பக்கமும் அழுத்திப் பாருங்கள். பல வருடம் உட்கார்ந்து ஒரு பக்கம் குழிந்திருந்தால் சீட் சாய்ந்து நிற்கும், இறுக்கவும் முடியாது. குழிக்குள் துண்டை மடித்து வைத்து மட்டப்படுத்தாதீர்கள். மோதலில் துண்டு அமுங்கிவிடும், அந்த அளவுக்கு பெல்ட் தளர்ந்துவிடும். குஷன் கடையில் கொடுத்து, பழைய வடிவத்துக்கே அடர்த்தியான ஃபோம் மாற்றித் தைக்கச் சொல்லுங்கள். இந்தச் செலவைத் தள்ளிப்போடாதீர்கள்.

பின்னால் பெல்ட்டே இல்லாத வண்டி

பழைய 800, ஓம்னி, அம்பாசடர்களில் பலவற்றில் பின்னால் பெல்ட் வராது. அதற்காக, பெல்ட் மாட்டும் இடமும் இல்லை என்று முடிவு கட்ட வேண்டாம். ஒரே உடம்பில் உயர்ந்த மாடலும் வந்திருந்தால், தரையிலும் பின்தூணிலும் மரை வெட்டிய நட்டுகள் பற்றவைக்கப்பட்டு, பிளாஸ்டிக் மூடியாலோ உள்ளலங்காரத் தட்டாலோ மறைந்திருக்கலாம். பெல்ட் நங்கூரத்துக்கு உலகம் முழுக்கப் பழக்கத்தில் உள்ள மரை 7/16 அங்குலம், அங்குலத்துக்கு 20 மரை, யுஎன்எஃப் என்ற அங்குல அளவு வகை. கையில் கிடைக்கும் 10 மில்லிமீட்டர் போல்ட் அதில் ஒன்றிரண்டு சுற்று ஏறி ஏமாற்றும், பிறகு மரையைத் தின்றுவிடும். பெல்ட்டோடு வரும் போல்ட்டையே போடச் சொல்லுங்கள்.

பெல்ட்டைப் புதிதாக வாங்குங்கள், உங்கள் மாடலுக்கான ஒரிஜினல் பாகமாக. பழைய பாகங்களுக்குப் பேர்போன சென்னை புதுப்பேட்டையில் தேடினால் எந்த வண்டியின் எந்த பாகமும் கிடைக்கும் என்பது உண்மைதான். ஆனால் உடைத்து விற்கும் வண்டிகளில் கணிசமானவை விபத்தில் சிக்கியவை. ஒருமுறை மோதலில் இழுபட்ட பெல்ட்டின் நூல் நீண்டு பலம் இழந்திருக்கும், பார்த்தால் தெரியாது. கதவும் பம்பரும் அங்கே வாங்கலாம், பெல்ட் வேண்டாம். சுருள் பெட்டியைப் பொருத்தும்போது அது எந்தச் சாய்வில் நிற்க வேண்டுமோ அதே சாய்வில் நிற்க வேண்டும். உள்ளே ஒரு குண்டோ ஊசலோதான் பூட்டை இயக்குகிறது, சற்றுச் சாய்ந்தாலும் பெல்ட் எப்போதும் பூட்டியே நிற்கும் அல்லது பூட்டவேண்டிய நேரத்தில் பூட்டாது.

நட்டே இல்லாத வண்டியில் தரையைத் துளைத்து வாஷர் போட்டு முறுக்குவது வேண்டாம். மெல்லிய தகடு காகிதம் மாதிரி கிழியும். அப்படிப்பட்ட வண்டியில் முன்பக்கப் பயணி இருக்கையில் மூன்று முனை பெல்ட் இருந்தால் அங்கே பொருத்தலாம், இருக்கையை முழுவதும் பின்னால் தள்ளிவிட்டு. ஒரு நிபந்தனை: டேஷ்போர்டில் பயணிப் பக்கம் ஏர்பேக் இருந்தால், பின்நோக்கி உட்காரும் சீட்டை அங்கே ஒருபோதும் வைக்கக் கூடாது. விரியும் பை சீட்டின் முதுகில் அறைந்து குழந்தையின் தலையைத் தாக்கும். பழைய பொலேரோ, சுமோவின் கடைசியில் பக்கவாட்டாகப் பார்த்திருக்கும் இருக்கைகள் எந்தக் குழந்தை சீட்டுக்கும் உதவாது.

எந்த சீட்டை வாங்குவது

விளம்பரத்தைப் படிக்காதீர்கள், சீட்டில் ஒட்டியிருக்கும் ஆரஞ்சு நிற லேபிளைப் படியுங்கள். ஆர்44 என்ற ஐரோப்பிய விதிப்படி வந்த சீட் என்றால் அங்கீகார எண் 04 என்று தொடங்க வேண்டும். அதே லேபிளில் 'யுனிவர்சல்' என்ற சொல்லும் எடை வரம்பும் இருக்கும். இந்தியாவின் சொந்த விதி ஏஐஎஸ்-072. புதிய விதியான ஆர்129-இல் எடைக்குப் பதில் உயரக் கணக்கு வரும். அந்த வகை சீட்டுகளில் பல ஐசோஃபிக்ஸுக்கு மட்டுமே ஆனவை, பெல்ட் போகும் வழியே அவற்றில் இருக்காது. அவற்றை வாங்கிவந்து எப்படியாவது பெல்ட்டைச் சுற்றிக் கட்டுவது ஆபத்தான வேலை. கையேட்டில் இன்னொரு வரியையும் தேடுங்கள்: எந்த வகை பெல்ட் உள்ள வண்டிக்கு ஏற்றது என்று, மூன்று முனை, சுருளும், சுருளாத என எல்லாவற்றையும் பிரித்து எழுதியிருப்பார்கள். உங்கள் பெல்ட் அதில் இருக்க வேண்டும்.

ஆர்44 கணக்கில் 13 கிலோ வரை பின்நோக்கிய 0+ வகை, 9 முதல் 18 கிலோ வரை சீட்டின் சொந்த வார்களோடு வரும் '1' என்ற வகை, 15 முதல் 36 கிலோ வரை பூஸ்டர். 9 கிலோ வந்துவிட்டது என்று அவசரப்பட்டு முன்நோக்கித் திருப்பிவிடாதீர்கள். குழந்தையின் தலை உடம்போடு ஒப்பிட்டால் மிகப் பெரியது, கழுத்தெலும்பு இன்னும் குருத்து. பின்நோக்கி இருந்தால் மோதலின் அடியை முதுகு முழுவதும் வாங்கும், முன்நோக்கி இருந்தால் கழுத்து தனியாக வாங்கும். ஆர்129 குறைந்தது 15 மாதம் வரை பின்நோக்கிய நிலையைக் கட்டாயமாக்குகிறது. சீட்டின் வரம்பு அனுமதிக்கும்வரை அதற்கு மேலும் அப்படியே வைப்பது நல்லது. கால் மடங்கியிருக்கிறதே என்று தாத்தா பாட்டி கவலைப்படுவார்கள். சம்மணம் போட்டு உட்காரும் நம் குழந்தைகளுக்கு அது ஒரு சிரமமே இல்லை.

பெல்ட்டைக் கவ்விப் பூட்டும் கிளிப் சீட்டிலேயே இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் சிவப்பு நிறத்தில், பெல்ட் போகும் வழியின் ஓரத்தில் இருக்கும். சுருளும் பெல்ட் உள்ள பழைய வண்டிக்கு முன்நோக்கிய சீட் வாங்குபவர்களுக்கு இந்தக் கிளிப்தான் முதல் தேவை. மற்ற வசதிகள் எல்லாம் இதற்கு அப்புறம்.

அமெரிக்காவிலிருந்து அக்காவோ தம்பியோ கொண்டுவந்த சீட் என்றால் இது இன்னும் முக்கியம். அங்கே 1996 மாடலிலிருந்து வந்த பெரும்பாலான கார்களில் பெல்ட்டை முழுவதும் இழுத்துவிட்டால் சுருள் பெட்டியே பூட்டிக்கொள்ளும். அந்த ஊர் சீட்டுகள் பல அதை நம்பியே செய்யப்பட்டவை. நம் பெல்ட்டில் அந்த வசதி இருக்கிறதா என்று அறிய, முழுவதும் இழுத்துவிட்டு மெதுவாகச் சுருளவிடுங்கள். கடகடவென்று சத்தம் வந்து, பாதியில் திரும்ப இழுத்தால் வராமல் நின்றால் இருக்கிறது. சத்தமில்லாமல் போனால் இல்லை. இல்லாத வண்டியில் அந்தச் சீட்டோடு வந்த இரும்புக் கிளிப், ஆங்கில எச் எழுத்து வடிவில் இருப்பது, தேவைப்படும். பெல்ட்டை மாட்டி இறுக்கி, நாக்குக்கு அருகே இடுப்புப் பகுதியையும் தோள்பகுதியையும் சேர்த்துப் பிடித்து அடையாளம் வையுங்கள். பக்கிளைக் கழற்றி, நாக்கிலிருந்து 2.5 சென்டிமீட்டருக்குள் இரண்டு பட்டைகளையும் கிளிப்பில் கோத்து, திரும்ப மாட்டுங்கள். தள்ளி வைத்தால் கிளிப் நழுவும்.

யாரோ பயன்படுத்திய சீட் என்றால் அது விபத்தில் இருந்ததில்லை என்று சொல்லக்கூடிய, நீங்கள் நம்பும் மனிதரிடம் மட்டும் வாங்குங்கள். அடிப்பாகத்தில் தயாரித்த வருடம் அச்சாகியிருக்கும், கையேட்டில் ஆயுட்காலம் இருக்கும். லேபிள் உரிந்துபோன சீட்டை இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

எதை வாங்கினாலும், பில் போடுவதற்கு முன் உங்கள் வண்டியில் வைத்துப் பார்க்கலாமா என்று கடையில் கேளுங்கள். நல்ல கடைக்காரர் மறுக்க மாட்டார். ஆன்லைனில் வாங்கினால் திருப்பி அனுப்பும் நாள் முடிவதற்குள் பொருத்திப் பார்த்துவிடுங்கள்.

எந்தப் பக்கம்

நடு இருக்கையில் மூன்று முனை பெல்ட் இருந்து, மெத்தையும் அங்கே தட்டையாக இருந்தால் அதுதான் நல்ல இடம். பழைய வண்டிகளில் அது அரிது. அடுத்தது பின்னால் இடப்பக்கம். சாலையோரம் நிறுத்தினால் குழந்தையை நடைபாதைப் பக்கமிருந்தே ஏற்றி இறக்கலாம், பின்னால் வரும் பைக்குக்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டியதில்லை.

முன்நோக்கிய சீட்டைப் பொருத்துதல்

வண்டி இருக்கையின் தலைச்சாய்வு (ஹெட்ரெஸ்ட்) குழந்தை சீட்டின் முதுகை முன்னால் தள்ளினால், கழற்ற முடிந்தால் கழற்றுங்கள். கழற்றியதை வண்டிக்குள் உருளவிடாமல் டிக்கியில் வையுங்கள். சீட்டின் முதுகும் வண்டியின் சாய்மானமும் மேலிருந்து கீழ்வரை ஒட்ட வேண்டும்.

பெல்ட்டைத் தாராளமாக இழுத்து, சிவப்பு அடையாளமிட்ட வழியில் கோத்து, முறுக்கு இல்லாமல் மறுபக்கம் எடுத்து, பக்கிளில் மாட்டுங்கள். இனிமேல்தான் உண்மையான வேலை. ஒரு முழங்காலைச் சீட்டின் உட்காரும் பகுதியில் ஊன்றி உங்கள் எடையைப் போடுங்கள். மெத்தை அமுங்கும். அமுங்கிய நிலையிலேயே, பக்கிளுக்கு அருகே தோள்பகுதியைப் பிடித்து இழுங்கள். முதலில் இடுப்புப் பகுதி இறுக வேண்டும். அந்த மிச்சத்தை விடாமல் மேலே நகர்த்தி, தோள்பகுதியையும் இறுக்கி, பெட்டிக்குள் சுருளவிடுங்கள். முழங்காலை எடுக்காமலே கிளிப்பைப் பூட்டுங்கள். இரண்டு பக்கமும் கிளிப் இருந்தால் எந்தப் பக்கம் பூட்டுவது என்பதைக் கையேடு சொல்லும். முழங்காலை எடுத்ததும் மெத்தை மேலெழ முயன்று பெல்ட்டை இன்னும் விறைப்பாக்கும். கையால் மட்டும் இழுப்பவர்களுக்கு எவ்வளவு பலம் இருந்தாலும் இந்த இறுக்கம் கிடைக்காது.

சோதனை இப்படி: பெல்ட் போகும் இடத்தில் சீட்டை ஒரு கையால் பிடித்து, பக்கவாட்டிலும் முன்பின்னாகவும் ஆட்டுங்கள். அசைவு 2.5 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. சீட்டின் தலைப்பகுதியைப் பிடித்து ஆட்டிப் பார்க்காதீர்கள், அது கொஞ்சம் ஆடத்தான் செய்யும்.

சுருளாத பெல்ட்டிலும் இதே முறைதான், நீளத்தைக் கையால் குறைத்து இறுக்க வேண்டும். மிச்சமாகத் தொங்கும் நுனியைச் சுருட்டி ரப்பர் பேண்ட் போடுங்கள். குழந்தையின் கழுத்தருகே எட்டக் கூடாது.

சீட்டின் தலைப்பகுதியிலிருந்து ஒரு கொக்கிப் பட்டை தொங்கினால், அது மேல்நங்கூரத்துக்கானது, அதாவது சீட்டின் தலைப்பகுதியை வண்டியின் உடம்போடு பிடித்துவைக்கும் இடத்துக்கு. பழைய வண்டியில் அந்த நங்கூரம் இருக்காது. தலைச்சாய்வுக் கம்பியிலோ, டிக்கியில் சாமான் கட்டும் வளையத்திலோ மாட்டாதீர்கள், அவை அந்த விசைக்குச் செய்யப்பட்டவை அல்ல. அந்தப் பட்டை இல்லாமல் பயன்படுத்தக் கையேடு அனுமதிக்கிறதா என்று பார்த்து, அனுமதித்தால் பட்டையைச் சுருட்டிக் கட்டிவிடுங்கள். அனுமதிக்காவிட்டால் அந்தச் சீட் உங்கள் வண்டிக்கு இல்லை.

பின்நோக்கிய சீட்

இதில் வழிகாட்டும் நிறம் நீலம். இடுப்புப் பகுதி குழந்தையின் கால்மேல் இரண்டு பக்க நீலக் கொக்கிகளில் போகும், தோள்பகுதி சீட்டின் முதுகைச் சுற்றி பின்னால் உள்ள நீலக் கொக்கியில் போகும். சின்ன வண்டிகளில் இங்கேதான் பெரிய ஏமாற்றம்: முதுகைச் சுற்ற பெல்ட் எட்டாது. எக்ஸ்டென்ஷன் போட்டு நீட்டாதீர்கள், பக்கிள் தப்பான இடத்தில் வந்து நிற்கும். குறைந்த நீளம் கேட்கும் வேறு சீட்டைத்தான் தேட வேண்டும்.

சாய்வு அடுத்த சிக்கல். பிறந்த குழந்தைக்குச் சுமார் 45 டிகிரி வேண்டும். நிமிர்ந்துவிட்டால் தலை நெஞ்சில் கவிழ்ந்து மூச்சுக்குழாய் மடங்கும். சீட்டின் பக்கத்தில் ஒரு கோடு இருக்கும், வண்டி சமதளத்தில் நிற்கும்போது அது தரைக்கு இணையாக வர வேண்டும். பழைய வண்டிகளின் மெத்தை முன்பக்கம் உயர்ந்து பின்னால் இறங்குவதால் சீட் நிமிரும். கையேடு அனுமதித்தால் மட்டும், ஒரு துண்டை உருளையாக இறுகச் சுற்றி, சாய்மானமும் மெத்தையும் சேரும் இடுக்கில் வையுங்கள். முன் இருக்கை சீட்டை நெம்பாதபடி நகர்த்துங்கள். ஆட்டிப் பார்க்கும்போது குழந்தையின் தலைப்பக்கம் சற்று அசைவது இயல்பு, பெல்ட் போகும் இடத்தில் அசையக் கூடாது.

இறுக்கியும் சரியாக வராதபோது

பக்கிளின் தண்டு நீளமாக இருந்தால் அதன் பிளாஸ்டிக் உடல் சீட்டின் வளைந்த ஓரத்தின்மேல் வந்து உட்காரும். மோதலில் அந்த ஓரம் நெம்புகோலாகிப் பக்கிளை உடைக்கும் அல்லது திறக்கும். இறுக்கிய பிறகு விரலால் தடவிப் பாருங்கள்: ஓரத்தில் தொடுவது பட்டையாக இருக்க வேண்டும், பக்கிளாக இருக்கக் கூடாது. அப்படி வந்தால் மறுபக்க இருக்கையில் முயலுங்கள். அங்கும் அப்படியே என்றால் சீட்டை மாற்றுங்கள்.

பத்து நிமிடம் ஓட்டியபின் தளர்ந்துவிட்டால் காரணம் மூன்றில் ஒன்று: கிளிப் பூட்டப்படவில்லை, சீட் கவர் கழற்றப்படவில்லை, அல்லது மெத்தை செத்துவிட்டது. பொருத்தும்போதே பெல்ட் வெளியே வராமல் அடம்பிடித்தால் வண்டி சரிவில் நிற்கிறதா என்று பாருங்கள். சுருள் பெட்டி சாய்வை உணர்ந்து பூட்டியிருக்கும்.

குழந்தையை உட்காரவைத்தல்

சீட்டின் தோள்வார், பின்நோக்கி உட்காரும் குழந்தைக்குத் தோள் மட்டத்திலோ சற்றுக் கீழேயோ கிளம்ப வேண்டும். முன்நோக்கி என்றால் தோள் மட்டத்திலோ சற்று மேலேயோ. இறுக்கிய பிறகு தோளெலும்பு அருகே வாரை இரண்டு விரலால் கிள்ளிப் பாருங்கள். மடிப்பு பிடிபட்டால் இன்னும் தளர்வு இருக்கிறது. ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ போகும்போது ஸ்வெட்டரோடு வாரை மாட்டாதீர்கள், கம்பளியின் தடிமன் அத்தனையும் மோதலில் தளர்வாக மாறும். வாரை உடம்போடு இறுக்கிவிட்டு, மேலே போர்த்துங்கள்.

பூஸ்டருக்கு வரும் வயதில், பின்னால் தலைச்சாய்வு இல்லாத பழைய வண்டி என்றால் முதுகு உயர்ந்த பூஸ்டரே வேண்டும், இல்லையென்றால் பின்னாலிருந்து மோதும்போது கழுத்துக்கு ஆதரவே இருக்காது. இடுப்புப் பட்டை வயிற்றில் ஏறாமல் தொடைமேல் படிய வேண்டும், பெல்ட்டின் தோள்பகுதி கழுத்தை அறுக்காமல் தோளின் நடுவில் போக வேண்டும். 150 சென்டிமீட்டர் உயரம் வரும்வரை பூஸ்டரை விடாமல் இருப்பது நல்லது.

வெயிலில் நின்ற வண்டியில் ஏற்றும்போது சீட்டின் இரும்புப் பக்கிளை முதலில் உங்கள் புறங்கையில் வைத்துப் பாருங்கள், சித்திரை மாதத்தில் அது தோலைச் சுடும். நிறுத்தும்போது சீட்டின்மேல் வெள்ளைத் துணி ஒன்றைப் போட்டுவிட்டுப் போனால் சூடு குறையும்.

வாரம் ஒருமுறை, வண்டி கழுவும் நாளில், அந்த 2.5 சென்டிமீட்டர் சோதனையைச் செய்யுங்கள். சர்வீஸுக்கு விட்டு வந்தாலும் செய்யுங்கள், உள்ளே சுத்தம் செய்பவர்கள் சீட்டைக் கழற்றிவிட்டு ஏனோதானோவென்று திரும்ப மாட்டியிருப்பார்கள். பலமான மோதல் நடந்தால், குழந்தை உள்ளே இல்லாவிட்டாலும், சீட்டையும் அதைப் பிடித்திருந்த பெல்ட்டையும் சேர்த்து மாற்றுங்கள். பழைய சீட்டைக் குப்பையில் போடுவதற்கு முன் வார்களைக் கத்தரித்துவிடுங்கள், வேறு யாரும் எடுத்துத் தங்கள் குழந்தையை அதில் உட்காரவைத்துவிடக் கூடாது.